வண்டிக்கோட்டை என்றால் என்ன? செக் மக்கள் மார்தட்டிக்கொள்ளும் ஒரு போர்முறை

பிஸ்டல் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. ஹவிட்சர் என்ற சொல்லும் போஃபர்ஸ் பீரங்கி செய்தியில் அடிபட்ட காலத்திலிருந்து பத்திரிகை படிப்பவர்களுக்குப் பழக்கம்தான். இரண்டையும் ஆங்கிலச் சொற்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்போம். கிளம்பிய இடம் செக் மொழி. அந்த மொழியில் 'பீஷ்டியாலா' என்றால் குழல், வாயில் வைத்து ஊதுகிற குழல். புல்லாங்குழலுக்கும் துப்பாக்கிக் குழலுக்கும் தமிழில் ஒரே சொல்தானே? அதேபோல அவர்களும் 15ஆம் நூற்றாண்டில் கையில் பிடித்துச் சுடும் இரும்புக் குழாய்க்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 'ஹௌஃப்' என்றால் கூட்டம். நெருக்கமாக வரும் கூட்டத்தின்மேல் கல்லையும் துண்டு இரும்பையும் வாரி இறைக்கும் குட்டைப் பீரங்கி 'ஹௌஃப்னிட்ஸே' ஆனது. அது ஜெர்மானியர் வாயில் நுழைந்து, பல தேசம் சுற்றி, ஹவிட்சராக வந்து நிற்கிறது. பிஸ்டல் விஷயத்தில் இத்தாலிய ஊர்ப்பெயர் ஒன்றைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. ஹவிட்சரில் அந்தத் தகராறும் இல்லை. (ரோபோ என்ற சொல்லும் அவர்களுடையதுதான். அது வேறு கதை.)

இன்று ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல் மக்கள்தொகை உள்ள நாடு செக் குடியரசு. அந்தக் காலத்தில் அந்தப் பகுதிக்குப் பொஹீமியா என்று பெயர். அங்கே 1420க்கும் 1431க்கும் இடையில், போப் அறிவித்த ஐந்து சிலுவைப்போர்ப் படையெடுப்புகள் வந்து ஐந்துமே தோற்றுத் திரும்பின. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், கைவினைத் தொழிலாளிகள், நிலம் அதிகமில்லாத சின்னப் பிரபுக்கள். அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் வண்டி. வயலுக்கும் சந்தைக்கும் போய்வரும் நான்கு சக்கர வண்டி. அதை வைத்து அவர்கள் உருவாக்கிய முறைக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பெயர்கள் உண்டு. தமிழில் 'வண்டிக்கோட்டை' என்று சொல்லிக்கொள்வோம்.

அதே காலத்து அஜின்கோர்ட் போரைப் பற்றிப் பலருக்குத் தெரியும். 1415 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் நெடுவில் வீரர்கள் பிரெஞ்சுப் பிரபுக்களைச் சேற்றில் சாய்த்த போர் அது. அதே 1415இல், ஜூலை 6 அன்று, கான்ஸ்டன்ஸ் நகரில் ஒரு பாதிரியாரைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். அவர் யான் ஹுஸ். அவரை எரித்ததிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. அந்த வருடம் நடந்த இரண்டில் அதிக நாள் விளைவு கொண்டது இந்த இரண்டாவது என்பது என் அபிப்பிராயம்.

ஹுஸ் பிராக் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்தவர். லத்தீனை விட்டுவிட்டு மக்கள் பேசும் செக் மொழியில் பிரசங்கம் செய்தவர். திருச்சபையின் ஊழலைக் கண்டித்தார். 'பத்திரமாகப் போய் வரலாம்' என்று ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்ட் கொடுத்த வாக்குறுதியை நம்பித்தான் கான்ஸ்டன்ஸில் கூடிய திருச்சபைப் பேரவைக்குப் போனார். அங்கே அவர் எரிக்கப்பட்ட செய்தி வந்ததும் பொஹீமியா கொதித்தது. அவர் வழி நின்றவர்கள் ஹுஸ்ஸைட்டுகள் எனப்பட்டார்கள். அன்றைய வழிபாட்டில் திராட்சை ரசக் கிண்ணம் பாதிரியாருக்கு மட்டும்தான். அது எல்லா விசுவாசிகளுக்கும் வேண்டும் என்பது இவர்களின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று. அதனால் கிண்ணமே அவர்களின் கொடிச்சின்னம் ஆனது. 1419 ஜூலை 30 அன்று பிராக் நகரசபை உறுப்பினர்களை மாடி ஜன்னலிலிருந்து தூக்கிப் போட்டார்கள். அடுத்த மாதமே பொஹீமிய அரசர் வென்சஸ்லாஸ் இறந்தார். அவருக்குப் பின் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடி வந்தவர், ஹுஸ்ஸுக்கு வாக்குக் கொடுத்த அதே சிகிஸ்மண்ட். 1420 மார்ச்சில் போப் ஐந்தாம் மார்ட்டின் சிலுவைப்போர் அறிவித்தார். சரி, இவ்வளவு பின்னணி போதும். இனி வண்டிக்கு வருவோம்.

வண்டி எதற்கு விடை?

அன்றைய ஐரோப்பியப் போரில் எல்லாரும் பயந்தது கவசக் குதிரைப்படையைத்தான். தலை முதல் கால் வரை இரும்பு அணிந்த ஒருவர் பெரிய குதிரைமேல், நீண்ட ஈட்டியை நீட்டியபடி வருகிறார். அவர் தனியாக வருவதில்லை, நூற்றுக்கணக்கில் வரிசையாக வருகிறார்கள். தரை அதிர்வது முதலில் காலுக்குத்தான் தெரியும். சிறுவயது முதல் இதற்கே பழகிய ஆட்கள் அவர்கள். எதிரே திறந்த வெளியில் நிற்பவர் போன மாதம் வரை ஏர் ஓட்டியவர். அவரிடம் எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் ஓடத்தான் தோன்றும். வரிசையில் பத்துப் பேர் ஓடினால் போதும், மீதிப் பேர் கதை முடிந்தது.

துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கைக்குழலை நினைத்துப் பாருங்கள். மரக்கட்டை ஒன்றில் மாட்டிய இரும்புக் குழாய். வெடிமருந்தைக் கொட்டி, இடித்து, குண்டைப் போட்டு, பின்பக்கத்துச் சிறு துளையில் நெருப்பை வைக்க வேண்டும். குறி சரியாக அமைவது அதிர்ஷ்டம். ஒரு தரம் சுட்டுவிட்டு மறுதரம் நிரப்புவதற்குள் குதிரை வந்து மிதித்துவிடும். குறுக்குவில்லும் அப்படித்தான். விசையோடு பாயும், ஆனால் நாணை இழுத்து மாட்டுவதற்கு நேரம் பிடிக்கும். ஆக, ஏழைகளிடம் இருந்த ஆயுதங்கள் மோசமில்லை. அவற்றை மறுபடி நிரப்பும் வரை உயிரோடு இருப்பதுதான் பிரச்சினை.

அந்த நேரத்தைத்தான் வண்டி வாங்கிக் கொடுத்தது. வண்டிக்கோட்டையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். மெதுவான ஆயுதம் வேலை செய்வதற்கு வேண்டிய அவகாசத்தை ஒரு பலகைச் சுவர் கொடுக்கிறது.

ஒரு வண்டியைக் கிட்டே போய்ப் பார்ப்போம்

எதிரியைப் பார்த்த பக்கத்தில் கனமான பலகைகளை உயர்த்தி மாட்டியிருக்கிறார்கள். சுடுவதற்கு அதில் ஓட்டைகள். வண்டிக்கு அடியில் சக்கரங்களுக்கு நடுவே ஆள் ஊர்ந்து வரலாம் அல்லவா? அதை மறைக்க ஒரு நீளப் பலகை சங்கிலியில் தொங்குகிறது. வண்டிக்குள் கற்கள் குவிந்திருக்கின்றன. குண்டு தீர்ந்தால் கல். கோடாரி, மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் உண்டு, ஏனென்றால் நேரம் கிடைத்தால் முன்னால் பள்ளம் தோண்டுவார்கள்.

ஒரு வண்டிக்கு ஏறக்குறைய இருபது பேர். இரண்டு பேர் வண்டியோட்டிகள், அவர்களுக்கும் ஆயுதம் உண்டு. இரண்டு பேர் கைக்குழல்காரர்கள். நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை குறுக்குவில் வைத்திருப்பார்கள். ஆள் உயரக் கேடயம் பிடிக்க இரண்டு பேர். மிச்சப் பேர் கையில் நீள ஈட்டி, கொக்கி, அப்புறம் கதிரடிக்கும் கோல். இந்தக் கடைசி ஆயுதம் எனக்கு மிகவும் பிடித்தது. நீளமான தடி, அதன் நுனியில் சங்கிலியால் கோத்த குட்டைத் தடி. களத்தில் தானியம் உதிர்க்க அந்த ஊர் விவசாயி ஆண்டுக்கணக்கில் சுழற்றிப் பழகியது. குட்டைத் தடியில் ஆணிகளை அறைந்தார்கள், இரும்புப் பட்டை போட்டார்கள். ஆயுதம் தயார். பயிற்சியும் தயார், ஏனென்றால் அந்தக் கைகள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வாள்வீச்சு பழக வருடங்கள் ஆகும். கதிரடிப்பது அவர்கள் பிறந்ததிலிருந்து செய்த வேலை. தலைக்கவசத்தின்மேல் அந்தத் தடி விழுந்தால் கவசம் கிழியாமலே உள்ளிருப்பவர் சுருண்டு விழுவார்.

களத்துக்கு வந்ததும் வண்டிகளை வட்டமாகவோ சதுரமாகவோ நிறுத்துவார்கள், கூடுமானவரை ஒரு மேட்டின்மேல். குதிரைகளை அவிழ்த்து உள்ளே கட்டுவார்கள். ஒரு வண்டியின் சக்கரம் அடுத்த வண்டியின் சக்கரத்தோடு ஒட்டும்படி நெருக்கி, சங்கிலியால் பிணைப்பார்கள். இடைவெளிகளில் பெரிய கேடயங்களும், சில இடங்களில் ஹௌஃப்னிட்ஸேக்களும் நிற்கும். முன்னும் பின்னும் வாசல் மாதிரி வழி விட்டு, அதைச் சங்கிலியாலும் கட்டைகளாலும் அடைத்து வைப்பார்கள். அந்த வாசல்தான் முக்கியம் என்பது பிறகு தெரியும்.

சண்டை நடக்கும் விதம்

முதலில் எதிரியை வரவழைக்க வேண்டும். கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பவரை எதிரி கண்டுகொள்ளாமல் போய்விட்டால் பயன் இல்லை. அதனால் பீரங்கியால் சீண்டுவார்கள். சும்மா நின்றால் ஆட்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். பிரபுக்களுக்கோ மானப் பிரச்சினை வேறு. குடியானவன் வண்டிக்குள் இருந்து கல்லெறிகிறான், பார்த்துக்கொண்டு நிற்பதா? பாய்ந்து வருவார்கள். கிட்டே வந்ததும் குழல்களும் வில்களும் ஒரே நேரத்தில் பேசும். வீரரைவிடக் குதிரைக்குத்தான் குறி. குதிரை பெரிய இலக்கு, கவசமும் குறைவு, வெடிச் சத்தத்துக்கு மிரளும். பலகைவரை வந்துவிட்டவரைக் கொக்கியால் இழுத்துக் கீழே தள்ளி, கோலால் அடிப்பார்கள். பாய்ச்சலுக்கு ஓடுதளம் இல்லாமல் போனால் கவச வீரர் என்பவர் வண்டிச் சுவர் முன்னால் நிற்கும் கனமான மனிதர், அவ்வளவுதான்.

எதிரி களைத்து, வரிசை கலைந்து, பின்வாங்கத் தொடங்கும் அந்த நொடியில் வாசல் சங்கிலி விழும். உள்ளே காத்திருந்த குதிரை வீரர்களும் காலாட்களும் வெளியே பாய்வார்கள். தோல்வி ஓட்டமாக மாறுவது அப்போதுதான். தற்காத்துக்கொண்டே இருந்தால் போரை வெல்ல முடியாது. வண்டிக்கோட்டையின் வெற்றி அந்த வாசலைத் திறக்கும் நேரத்தில் இருந்தது. தோல்வியும் அங்கேதான் இருந்தது, வருகிறேன்.

வண்டிகளை அரணாக நிறுத்துவது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 378இல் ஏட்ரியநோப்பிளில் ரோமப் பேரரசரையே கொன்ற கோத்துகளும் வண்டிகளை வட்டமிட்டு நிறுத்தியிருந்தார்கள். பொஹீமியர்கள் செய்த புதுமை, வண்டியையும் வெடிமருந்தையும் ஒழுங்கையும் சேர்த்துப் பிசைந்தது. அதைச் செய்தவர் யான் ஜிஷ்கா. தெற்கு பொஹீமியாவின் ட்ரோட்ஸ்னோவ் என்ற ஊரைச் சேர்ந்த சிறு பிரபு. போர் தொடங்கியபோது வயது அறுபது ஒட்டி. ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது.

1420 மார்ச் 25 அன்று சுதோமேர்ஷ் என்ற கிராமத்தருகே அவர் மாட்டிக்கொண்டார். பில்சன் நகரை விட்டு, புதிதாக உருவாகியிருந்த தாபோர் நோக்கிப் போகும் வழி. கூட இருந்தவர்கள் ஏறத்தாழ 400 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும் அடக்கம். வண்டிகள் 12. துரத்தி வந்த குதிரைப்படை ஏறத்தாழ 2000. ஜிஷ்கா மீன் வளர்க்கும் குளங்களின் கரைமேல் வண்டிகளை நிறுத்தினார். ஒரு குளத்தில் தண்ணீர் வடிக்கப்பட்டு வெறும் சேறு. அந்தப் பக்கமாக வந்தவர்கள் குதிரையை விட்டு இறங்கி, இரும்புக் கவசத்தோடு சேற்றில் நடக்க வேண்டியதாயிற்று. இருட்டும் வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெண்கள் தலைத்துணிகளைச் சேற்றில் விரித்து, எதிரிகளின் குதிமுள் அதில் சிக்கும்படி செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கூட்டத்தில் பெண்களும் சண்டைக்காரர்களாகவே இருந்தார்கள். அதே வருடம் ஜூலை 14 அன்று பிராக்கின் வீட்கோவ் குன்றில் மர அரண் ஒன்றைக் காத்து நின்றவர்களில் 26 ஆண்களோடு 3 பெண்களும் இருந்ததாக அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

அடுத்த வருடம் டிசம்பரில் குட்னா ஹோரா. வெள்ளிச் சுரங்க நகரம். உள்ளே இருந்தவர்களே சிகிஸ்மண்டின் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட, வெளியே நின்ற ஜிஷ்காவின் படை இருபுறமும் சூழப்பட்டது. வண்டிக்கோட்டைக்குள் எத்தனை நாள் பட்டினி கிடக்க முடியும்? விடிவதற்குள் வண்டிகளை நீளவாக்கில் ஒரு ரயில்போலக் கோத்து, பீரங்கிகளைச் சுட்டுக்கொண்டே எதிரியின் வரிசையைப் பிளந்து வெளியேறினார்கள். நகரும் வண்டியிலிருந்து பீரங்கியைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியதற்கு ஐரோப்பாவில் இதைத்தான் மிகப் பழைய உதாரணமாகப் பலர் காட்டுகிறார்கள். மூன்று வாரத்துக்குள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சிகிஸ்மண்டின் படை ஓட, சாசவா ஆற்றின் உறைந்த பனிக்கட்டி பாரம் தாங்காமல் உடைந்து பலர் மூழ்கினார்கள்.

குட்னா ஹோராவில் இவ்வளவும் நடக்கும்போது ஜிஷ்காவுக்கு இரு கண்ணும் இல்லை. 1421 கோடையில் ராபீ என்ற கோட்டையை முற்றுகையிட்டபோது மீதமிருந்த கண்ணும் போயிற்று. அதன்பின் மூன்று வருடம் கண் தெரியாமலே படை நடத்தினார். புராணம் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டிக்கோட்டையின் தன்மையை வைத்துப் பார்த்தால் அவ்வளவு மர்மமில்லை. இந்த முறையில் தளபதி குதிரைமேல் ஏறி முன்னால் பாய வேண்டியதில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டு மனசில் வரைந்துகொள்ள வேண்டும், வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆட்கள் வேண்டும். மாலேஷோவ் என்ற இடத்தில் 1424இல், கல் நிரப்பிய வண்டிகளை மேட்டிலிருந்து எதிரி அணிமேல் உருட்டிவிட வைத்தார். சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், அதற்குக் கண் வேண்டாம்.

சொன்னபடி செய்யும் ஆட்கள் தானாக வந்துவிடவில்லை. 1423இல் அவர் பெயரில் வந்த படை விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எந்த அணி எங்கே நடக்க வேண்டும், தன் இடத்தை விட்டு நகர்ந்தால் என்ன தண்டனை, உத்தரவில்லாமல் எங்கும் தீ வைக்கக் கூடாது, கொள்ளைப் பொருளை ஒரே இடத்தில் குவித்துப் பங்கிட வேண்டும், ஒளித்துவைத்தால் உயிர் போகும். பிரபு, குடியானவர் என்ற பாகுபாடு தண்டனையில் கிடையாது. சூதாடி, குடிகாரர், திருடர், பொய்யர் எவரும் படையில் இருக்கக் கூடாது என்று ஒரு நீளப் பட்டியல். உலர்ந்த வாசிப்புதான். என்றாலும், செக் மக்கள் எதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டால் வீரத்தைவிட இந்தக் காகிதத்தைத்தான் காட்டுவேன். வீரம் எல்லா ஊரிலும் கிடைக்கும். விவசாயியும் பிரபுவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட படை 1423இல் எத்தனை இடத்தில் இருந்தது?

தொப்பியைத் தொலைத்த கர்தினால்

ஜிஷ்கா 1424 அக்டோபரில் இறந்தார், நோயில். அவரோடு இருந்தவர்கள் தங்களை 'அநாதைகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். தகப்பனை இழந்த பிள்ளைகளாம். புரோகோப் என்ற பாதிரியார் தலைமைக்கு வந்தார். படை பலவீனமாகவில்லை, மாறாக எல்லை தாண்டிப் போய் அடிக்கத் தொடங்கியது. 1431 ஆகஸ்ட் 14 அன்று தோமாஜ்லிட்ஸே ஊரருகே ஐந்தாவது சிலுவைப்படை கூடியிருந்தது. கூட வந்தவர் போப்பின் தூதர், கர்தினால் ஜூலியானோ செசாரினி. தூரத்தில் ஹுஸ்ஸைட்டுகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வருவதும், வண்டிகள் கடகடத்து வருவதும் கேட்டது. அவ்வளவுதான், சிலுவைப்படை ஓடத் தொடங்கியது. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. கர்தினால் தன் சிவப்புத் தொப்பியையும் அங்கியையும் சிலுவைப்போருக்கான போப்பின் ஆணையையும் விட்டுவிட்டு ஓடினார்.

பத்து வருடத்துத் தோல்விகள் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன. வண்டிச் சக்கரத்தின் ஓசையே ஆயுதம் ஆகிவிட்டிருந்தது. இதன் பின்விளைவு பெரியது. 1433 ஜனவரியில் புரோகோப்பும் தோழர்களும் பாசெல் நகரில் கூடியிருந்த திருச்சபைப் பேரவைக்குப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட்டுப் போனார்கள். மதத்துரோகி என்று எரிக்க வேண்டியவர்களை எதிரே உட்காரவைத்து விவாதித்தது திருச்சபை. தலைமை வகித்தவர் அதே செசாரினி. 1436இல் எட்டிய உடன்பாட்டின்படி, கேட்ட கிண்ணம் மக்களுக்குக் கிடைத்தது.

ஆனால் உடன்பாடு வருவதற்குள் வண்டிக்கோட்டை உடைந்துவிட்டிருந்தது. உடைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. ஹுஸ்ஸைட்டுகளிலேயே மிதவாதிகள், போர் போதும் என்று சலித்தவர்கள், கத்தோலிக்கப் பிரபுக்களோடு சேர்ந்தார்கள். அவர்களை நடத்தியவர் டிவிஷ் போர்ஷெக், ஒரு காலத்தில் ஹுஸ்ஸைட் படைத்தலைவராக இருந்தவர். 1434 மே 30, லிபனி. இரு பக்கமும் வண்டிகள். டிவிஷின் ஆட்கள் தாக்கினார்கள், பிறகு தோற்று ஓடுவதுபோலப் பின்வாங்கினார்கள். புரோகோப்பின் ஆட்கள் பழக்கப்படி வாசலைத் திறந்து துரத்தினார்கள். எப்போது திறப்பார்கள் என்று எதிரிக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களும் அதே வண்டிகளில் வளர்ந்தவர்கள். மறைவில் நின்ற குதிரைப்படை இடையில் புகுந்தது. திறந்த வாசலை மூட முடியவில்லை. புரோகோப் அங்கேயே விழுந்தார். பிடிபட்டவர்களில் பலரைக் களஞ்சியங்களில் அடைத்து எரித்தார்கள்.

யாருடைய பெருமை?

இந்தக் கதை செக் மண்ணுக்கு வெளியே பரவாததற்குக் காரணம் உண்டு. 1620இல் வெள்ளை மலைப் போரில் பொஹீமியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றார்கள். அதன்பின் 1918 வரை நாடு வியன்னாவின் பிடியில்தான். கத்தோலிக்க ஆட்சிக்கு ஹுஸ்ஸைட்டுகள் மதத்துரோகிகள், ஜிஷ்கா கொள்ளைக்காரர். 19ஆம் நூற்றாண்டில் பலாட்ஸ்கி போன்ற வரலாற்றாசிரியர்கள் பழைய சுவடிகளைத் தோண்டித்தான் அவர்களை மீட்டார்கள். முதல் உலகப்போரில் ரஷ்ய மண்ணில் உருவான செக்கோஸ்லோவாக்கியப் படைப்பிரிவுகளில் ஒன்றுக்கு ஹுஸ் பெயர், ஒன்றுக்கு ஜிஷ்கா பெயர். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளை எதிர்த்த கெரில்லாப் படை ஒன்றும் ஜிஷ்கா பெயரில் இயங்கியது.

அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அவர்களுக்கு ஜிஷ்கா வர்க்கப் போராளி. மதம் மெல்ல மறைக்கப்பட்டு, விவசாயி மட்டும் முன்னால் வந்தார். வீட்கோவ் குன்றின்மேல் 9 மீட்டர் உயர வெண்கலச் சிலை 1950 ஜூலை 14 அன்று திறக்கப்பட்டது. சிலைக்குப் பின்னாலுள்ள நினைவு மண்டபத்தில் கட்சித் தலைவர் கோட்வால்டின் பதப்படுத்திய உடலைச் சில வருடம் காட்சிக்கு வைத்தார்கள். 1970இல் வந்த 20 கொருனா நோட்டிலும் ஜிஷ்காவின் முகம். கண் தெரியாத கிழவரை யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி நிறுத்தலாம் போலிருக்கிறது.

புகழ்பவர்கள் தாண்டிப்போகிற பக்கங்களும் உண்டு. 1421இல் கோமுடோவ் நகரைப் பிடித்தபோது ஹுஸ்ஸைட்டுகள் செய்தது படுகொலை. தங்களுக்குள்ளேயே இன்னும் தீவிரமாகப் போன ஒரு பிரிவினரை ஜிஷ்கா எரித்துக் கொன்றார். ஹுஸ் எப்படி இறந்தாரோ, அதே நெருப்பு.

சரி, அந்த வண்டிகள் என்ன ஆயின? லிபனியில் தப்பியவர்கள் கூலிப்படையாக வேறு வேறு அரசர்களிடம் சேர்ந்தார்கள். ஹங்கேரியத் தளபதி ஹுன்யாதி, துருக்கியின் ஒட்டோமான்களை எதிர்க்க அவர்களையும் அவர்களின் வண்டிகளையும் வாங்கிக்கொண்டார். 1444 நவம்பர் 10 அன்று கருங்கடல் ஓரத்து வார்னாவில் ஹங்கேரி-போலந்துப் படை சுல்தான் இரண்டாம் முராத்திடம் சிக்கியது. அதற்கு முன் நடந்த ஆலோசனையில் ஒருவர், வண்டிகளை வளைத்து நிறுத்தி அதற்குள் இருந்தே தாக்குப்பிடிப்போம் என்று சொன்னார். அவர் வேறு யாருமில்லை, தோமாஜ்லிட்ஸேயில் தொப்பியை விட்டு ஓடிய கர்தினால் செசாரினி. அந்த வண்டிகளின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? ஹுன்யாதி கேட்கவில்லை, தாக்கத்தான் வேண்டும் என்றார். இருபது வயது அரசர் சுல்தானின் மெய்க்காவலர்கள்மேல் பாய்ந்து இறந்தார். திரும்பும் வழியில் செசாரினியும் இறந்தார்.

வண்டிகள் ஒட்டோமான்களின் கையில் சிக்கின, கூடவே அந்த உத்தியும். 1514இல் சால்திரானில் பாரசீகக் குதிரைப்படையின் எதிரே ஒட்டோமான்கள் பீரங்கிகளையும் வண்டிகளையும் சங்கிலியால் பிணைத்து நிறுத்தினார்கள். இன்றும் துருக்கியில் படைப்பிரிவு ஒன்றுக்கு 'தாபூர்' என்று பெயர். தாபோர் என்ற செக் ஊர்ப்பெயரோடு அதை முடிச்சுப் போடுபவர்கள் உண்டு.

சால்திரானுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1526 ஏப்ரலில், பானிபட் சமவெளி. லோதியின் பெரும்படை எதிரே வருகிறது. பாபர் 700 வண்டிகளைத் திரட்டச் சொல்கிறார். ரூமிகளின் வழக்கப்படி, அதாவது ஒட்டோமான் முறையில், அவற்றைப் பச்சைத்தோல் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டும்படி பீரங்கித் தலைவர் உஸ்தாத் அலி குலிக்கு உத்தரவு போகிறது. வண்டிகளுக்கு இடையே கேடயங்கள், அவற்றின் பின்னே துப்பாக்கிக்காரர்கள். அம்பு பாயும் தூரத்துக்கு ஒன்றாக, நூறு குதிரைவீரர் வெளியே பாய்வதற்கு வழிவிட்ட இடைவெளிகள். இதையெல்லாம் பாபரே தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ரூமிகள் யாரிடம் கற்றார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.